கழற்றி எடுத்துப் போகும்படியான மாதிரி ரயில் லேஅவுட் கட்ட ஆசை. எச்.ஓ. (HO) ஸ்கேலா, ‘என்’ (N) ஸ்கேலா? எங்கிருந்து தொடங்குவது?

பாதை வரைவதற்கு முன் கதவு, மாடிப்படித் திருப்பம், வண்டியின் பின்பக்கம் மூன்றையும் அளந்துவிடுங்கள். லேஅவுட்டைத் தாங்கும் ஒவ்வொரு பலகையின் அளவையும் அவைதான் முடிவு செய்யும். 4 அடிக்கு 2 அடி என்பது பலர் கையாண்டு பார்த்த அளவு. இருவர் சிரமமில்லாமல் தூக்கலாம்.

ஸ்கேலைப் பொறுத்தவரை, ரயில் சுற்றி வந்தே ஆகவேண்டுமா என்று யோசியுங்கள். எச்.ஓ. என்பது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு (1:87), தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதில் 18 அங்குல ஆரத்தில் வளைத்தாலும் முழுச் சுற்றுக்கு 3 அடிக்கு மேல் அகலம் கேட்கும். 1:160 அளவிலான ‘என்’ ஸ்கேலில் இடைவெளி 9 மி.மீ. தான், 25 செ.மீ. ஆரம் 2 அடிப் பலகையில் அடங்கிவிடும். சுற்று வேண்டாம், ஷண்டிங் (வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்திக் கோப்பது) போதும் என்றால் எச்.ஓ. தாராளமாக எடுக்கலாம். ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பைப் பாருங்கள்: இரண்டே பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்), 5, 3, 3 வேகன் கொள்ளும் மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை). எட்டு வேகனில் ஐந்தைச் சீட்டுப்போட்டு, வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்தவேண்டும். வரிசைகள் மட்டும் 6,720! எனக்கு இது சுற்றி ஓடும் ரயிலைவிடப் பிடிக்கும்.

முழுக் கவனத்தையும் கேட்பது பலகைகள் சேரும் இடம். போல்ட் இறுக்கும், ஆனால் நேராக வைக்காது. அதன் துளையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நேர்படுத்தும் வேலைக்குப் பித்தளை டோவல் ஜோடி (ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தும் முளையும் குழியும்) போடுங்கள். இரண்டு பலகைகளின் முனைகளையும் கிளாம்பால் சேர்த்துப் பிடித்து, ஒரே துளையாக இரண்டையும் ஊடுருவித் துளையிடவேண்டும். இணைப்பைத் தண்டவாளம் நேர்கோட்டில், செங்குத்தாகக் கடக்கட்டும். அங்கே பாயிண்ட் வேண்டவே வேண்டாம். விளிம்பின் இருபுறமும் செப்புப் பூசிய ஸ்லீப்பர்களை ஒட்டி, தண்டவாளத்தை அவற்றின் மேல் முழுநீளமாக சால்டர் செய்தபின் மெல்லிய ரம்பத்தால் அறுத்தால் இரு முனைகளும் மயிரிழை பிசகாமல் நிற்கும். ஸ்லீப்பரின் நடுவில் செப்பைக் கீறிப் பிரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். எடுத்துப் போகும்போது முதலில் அடிபடுவதும் இந்த முனைகளே. அதனால் முனைக்கு ஒரு பிளைவுட் மூடி செய்யுங்கள். அதையே கொஞ்சம் உயரமாக வெட்டினால், இரண்டு பலகைகளை முகம் பார்த்தபடி அடுக்கவும் உதவும்.

மின்சாரம் இணைப்பைத் தாண்ட ரயில் ஜாயினரை (தண்டவாள முனைகளைச் சேர்க்கும் உலோகத் துண்டு) நம்பவேண்டாம். பலகைக்கு அடியில் தடித்த வயர் இரண்டு, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதிலிருந்து தனி இணைப்பு, பலகைகளுக்கு இடையே மாற்றிச் செருகவே முடியாத பிளக். டி.சி.சி. (ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) என்றால் தண்டவாளத்துக்கு இந்த இரண்டு வயரே போதும். பழைய டி.சி. முறையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக இழுக்கவேண்டும், பிளக்கும் பெரிதாகும்.

கால்களில் உயரம் திருத்தும் திருகு அவசியம், போகும் இடத்துத் தரை சமமாக இருக்காது. மலை, மரம், கட்டடம் எதையும் ஒட்டுவதற்கு முன், முழுதாகக் கழற்றி வேறொரு அறையில் பூட்டி, நீளமான வண்டியைத் தள்ளியும் இழுத்தும் இணைப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். தடம் புரண்டால் இப்போதே சரிசெய்துவிடலாம்.