சலுகைத் தங்கலுக்காக டைம்ஷேர் கூட்டத்துக்குப் போகலாமா?

ஓசூரில் ஒரு கடையில் பரிசுக் கூப்பன் நிரப்பியதற்கு, ஏற்காட்டு ரிசார்ட்டில் 2 இரவு சலுகையில் தங்கலாம் என்றும், கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து டைம்ஷேர் (முன்பணம் கட்டி, ஆண்டுதோறும் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை வாங்கும் திட்டம்) விற்பனை விளக்கத்தைக் கேட்டால் போதும் என்றும் அழைப்பு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்திடாமல் எழுந்துவர இருவராலும் முடியுமென்றால் போகலாம். ஒருவர் இளகுபவராக இருந்தாலும் தவிர்ப்பதே நல்லது. தம்பதியாக வரச் சொல்வதே, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நழுவும் வழியை அடைக்கத்தான்.

உதாரணமாக, 25 ஆண்டு உறுப்பினர் கட்டணம் 3 லட்சம் ரூபாய், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 15,000 ரூபாய் என்று கொள்வோம். அந்த 3 லட்சம் வங்கி வைப்பில் 7 சதவீத வட்டிக்கு இருந்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய் வரும். ஆக, ஆண்டுக்கு 7 இரவு தங்க 36,000 ரூபாய், அதாவது இரவுக்கு 5,000 ரூபாய்க்கு மேல், உண்மையில் செலவாகிறது. முதலும் திரும்பாது. பராமரிப்புக் கட்டணமோ, நீங்கள் போகாத ஆண்டிலும் வரும், காலப்போக்கில் உயரவும் செய்யும். மே மாத விடுமுறையில் அறை கிடைக்குமா என்பது நீங்கள் வாங்கும் பருவ வகுப்பை, அதாவது ஆண்டின் எந்தக் காலத்தில் தங்கலாம் என்ற பிரிவை, பொறுத்தது. இதை விற்பவர் தாமாகச் சொல்வது அரிது.

போவதற்கு முன், சலுகைத் தங்கலுக்கான சாப்பாடு, வரி, சனி ஞாயிறு விலக்கு, செல்லுபடி நாள் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கிரெடிட் கார்டை எடுத்துச் செல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.