சம்பளமா, பங்கா? சலூன் வேலைக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். சிகை அலங்காரத்தில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் முடித்துவிட்டேன். மட்டக்களப்பு நகரில் இரண்டு அழகு நிலையங்களில் கூப்பிடுகிறார்கள். ஒன்றில் மாதம் 32,000 ரூபா, அதோடு செய்யும் வேலையில் 10 வீதம் கொமிஷன். மற்றதில் சம்பளம் இல்லை, 40 வீதம் பங்கு. எதற்குப் போகலாம்?

பதில்: முதல் வருடம் சம்பளம் தரும் இடத்துக்கே போங்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மாதம் 80,000 ரூபாவுக்கு வேலை செய்தால் பங்கில் உங்களுக்கு 32,000. சம்பளக் கடையில் அதே வேலைக்கு 40,000. இரண்டும் சமமாவதற்கு ஏறக்குறைய 107,000 ரூபாவுக்கு வேலை செய்ய வேண்டும். மாதம் 26 நாள் என்றால், நாளுக்கு 4,100 ரூபா. ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எஃப்.) இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். 32,000க்கு முதலாளி உங்கள் பெயரில் கட்டுவது மட்டும் 4,800 ரூபா. பங்குக் கடையில் இதைக் கட்டாவிட்டால், அதையும் சேர்த்து நாளுக்கு 4,700க்கு மேல் வேலை வந்தால்தான் பங்கு லாபம். உங்களையே கேட்டு வரும் ஆட்கள் இன்னும் இல்லாத நேரத்தில் அது கஷ்டம். ஆனால் 32,000 பெரிய சம்பளம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபா.

பங்கு என்றால் எதில் பங்கு என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளைகள் பலர் ஏமாறுவது இங்கேதான். உதாரணத்துக்கு, ஒரு ரீபொண்டிங் (முடியை நேராக்குவது) 10,000 ரூபா, அதற்குப் போகும் கிரீம் 3,000 ரூபா என்று வையுங்கள். முழுத் தொகையில் 40 வீதம் என்றால் 4,000; கிரீம் செலவு கழித்த பிறகு என்றால் 2,800. கலரிங், ரீபொண்டிங் அதிகம் நடக்கும் கடையில் இந்த வித்தியாசம் மாத முடிவில் பெரிய தொகையாக நிற்கும். வெறும் ஹெயர் கட் என்றால் அவ்வளவு தெரியாது.

ஒரு நல்ல மாதத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் கல்யாணம் குறைவு. நத்தாருக்கு மட்டும் கொஞ்சம் கூட்டம் வரும். சித்திரை வருடப்பிறப்பு, கல்யாண மாதங்கள், நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் முந்திய நாட்கள், இவைதான் கை நிறையும் காலம். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் ஆண்கள் உள்ளே வராத நிலையங்களைப் பெண்கள் தேடிப் போவதால், வேலையைச் சுத்தமாகச் செய்யும் பெண் பிள்ளைக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. அதையும் யோசியுங்கள்.

அப்புறம், மணப்பெண் அலங்காரம், சாமத்தியச் சடங்கு. இந்தத் தொழிலில் வருமானம் மேலே ஏறுவது பெரும்பாலும் இவற்றால்தான். லீவு நாளில் வெளி ஓடர் எடுக்கலாமா என்பதைச் சேரும்போதே பேசி, கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பங்குக்கு வேலை செய்பவருக்குச் சேமலாப நிதி இல்லை என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்குக் கீழ் கொமிஷனுக்கு வேலை செய்பவரும் ஊழியர்தான். பிரச்சினை என்றால் மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்கலாம்.

சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் செய்த வேலையின் தொகையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பெருநாள், வருடப்பிறப்பு இல்லாத மூன்று சாதாரண மாதங்களிலும் நாளுக்கு 4,700ஐத் தாண்டியிருந்தால், அந்தக் கொப்பியைக் காட்டி முதலாளியிடம் பங்கு பேசலாம்.