அங்கியைத் தேடும் கண்கள்

கேள்வி: எங்கள் தேவாலயப் பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சிஸ்டர் சாதாரண சாறியும், சில நாள் சல்வாரும் உடுத்து, முக்காடு இல்லாமல் ஸ்கூட்டியில் திரிகிறார். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை மட்டும்தான். அங்கியைக் கழற்றிவிட்டவரை எப்படிக் கன்னியாஸ்திரி என்று மதிப்பது? பங்குச் சபையில் இதைப் பேசி எடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: ‘கழற்றிவிட்டவர்’ என்று எழுதுகிறீர்கள். அவருடைய துறவற சபைக்கு அங்கி உண்டா என்று முதலில் கேட்டீர்களா?

ஒரு பெண்ணைத் துறவியாக்குவது வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றையும் திருச்சபையின் முன் வெளிப்படையாக ஏற்கிறார். அதோடு அவர் துறவி. உடை அதற்குப் பின்னால் வருவது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 669ஆம் இலக்கத்தில் துறவிகள் தம் சபையின் உடையை அணிய வேண்டும் என்றுதான் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உடை எப்படி இருக்கவேண்டும் என்பதை அந்தந்தச் சபையின் சொந்தச் சட்டத்திடம் விட்டுவிடுகிறது. ஒரு சபையில் முழு அங்கியும் முக்காடும். இன்னொன்றில் குறித்த நிறத்துச் சாறி. வேறொன்றில் எளிய உடையும் ஒரு சிலுவையும். பணியின் தேவைக்காக எளிமையான, கண்ணியமான உடுப்பை உடுத்தலாம், அர்ப்பணம் தெரியும்படி ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996இல் எழுதினார். நீங்கள் ‘மட்டும்தான்’ என்று தள்ளிய அந்தச் சின்னச் சிலுவைதான் அந்த அடையாளம்.

பழைய அங்கிகளும் வானத்திலிருந்து இறங்கவில்லை. 1535இல் இத்தாலியின் பிரேசியாவில் புனித ஆஞ்சலா மெரிச்சி சேர்த்த பெண்கள் தனி அங்கி இல்லாமல் தம் வீடுகளிலேயே இருந்து துறவு வாழ்ந்தவர்கள். 1633இல் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரிலாக்கும் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையினர் உடுத்தது அந்நாளைய பிரெஞ்சுக் கிராமத்துப் பெண்களின் உடுப்பு. நோயாளியின் வீட்டுக்கும் தெருவுக்கும் போகிறவர்களுக்கு அதுவே போதும் என்பது அவர்கள் எண்ணம். ஊர் உடுப்பு மாறியது, அவர்களுடையது நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதை அங்கி என்றார்கள். சிறகு விரித்ததுபோன்ற அந்தப் பெரிய வெள்ளைத் தலையணியை 1964இல் அச்சபையே விட்டது. அடுத்த ஆண்டு, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற உடை எளிமையும் ஏழ்மையும் உள்ளதாக, உடல்நலத்துக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பணிக்கும் ஏற்றதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மாற்றவேண்டும் என்று எழுதிவைத்தது.

இடத்துக்கு ஏற்றது என்றால் இங்கே என்ன? வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு ஸ்கூட்டியில் போகிற ஒருவரை நினையுங்கள். ஹெல்மெட்டுக்குள் முக்காட்டை அடக்கினால் ஊசிகள் மண்டையில் குத்தும். வெளியே விட்டால் காற்றில் பறந்து பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். ஐந்தரை மீற்றர் சாறியின் தலைப்பு பின்சில்லில் சுற்றினால் ஆள் விழுவார். கார்த்திகை, மார்கழி மழையில் கஞ்சி போட்ட பருத்தி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. சீக்கிரம் காயும் பொலியெஸ்டரைக் கட்டினால் சித்திரை வெயிலில் வேர்க்குரு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணின் வீட்டுக்கு வெள்ளை அங்கியோடு ஒருவர் போனால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். அவள் மறுமுறை கதவைத் திறக்கமாட்டாள். இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ‘மதம் மாற்ற வந்திருக்கிறார்கள்’ என்ற பயம் பேச்சுக்கு முன்னே வந்து உட்காரும். சாதாரண உடுப்பில் வந்தவரோடு அந்தப் பெண் திண்ணையில் இருந்து கதைப்பாள்.

அங்கிக்கும் பெறுமதி உண்டு. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் வெள்ளை அங்கியோடு ஒரு சிஸ்டர் பக்கத்தில் நின்றால் வந்த தைரியத்தை இங்குள்ள தாய்மார் மறக்கவில்லை. அதை விரும்பி அணிகிறவரைப் பழமைவாதி என்று இளக்காரம் செய்வதும் எனக்குப் பிடிக்காது. சபைச் சட்டம் அங்கி கேட்கும்போது தன் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறவர் தவறுதான் செய்கிறார். அதைக் கேட்கும் உரிமை அவருடைய தலைவிக்கு உண்டு, பங்குச் சபைக்கு இல்லை.

ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். 669ஆம் இலக்கம் ஆண் துறவிகளுக்கும் பொதுவானது. குருக்கள் தகுந்த திருச்சபை உடை அணியவேண்டும் என்று 284ஆம் இலக்கம் வேறு இருக்கிறது. பங்குச் சுவாமி சேட்டும் களிசானுமாக மோட்டார் சைக்கிளில் போகும்போது அவருடைய குருத்துவத்தை யாராவது சந்தேகித்தீர்களா? யேசு சபைக்குத் தனி அங்கியே கிடையாது. இருக்கும் நாட்டின் வழக்கப்படி, ஏழ்மைக்கு ஏற்ப உடுத்தவேண்டும் என்பது அவர்களின் விதி. அந்தச் சபையின் வெபர் அடிகளாருடைய பெயரை நம் நகரின் விளையாட்டரங்குக்கே வைத்திருக்கிறோம். ஆணுக்கு உழைப்பைப் பார்க்கிறோம், பெண்ணுக்குத் தலைத்துணியைப் பார்க்கிறோம். இது திருச்சபைச் சட்டத்தில் இல்லாத விதி.

உண்மையான சிஸ்டர்தானா என்பது உங்கள் கவலையானால் அது நியாயம். அதற்கு வழியும் உண்டு. எந்தச் சபை, எந்த மடம், தலைவி யார் என்று அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். மறைமாவட்ட ஆயரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தச் சபையும் இங்கே மடம் திறக்க முடியாது. ஆகவே பங்குத் தந்தையிடம் கேட்டால் விபரம் தெரியும். வீட்டுக்கு வந்து காசு சேர்க்கிறார் என்றால் ஆயரின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முழு அங்கியில் வருகிறவரிடமும் அதையே கேளுங்கள். அங்கியைத் தைத்துக்கொடுக்க எந்தத் தையற்காரரும் வார்த்தைப்பாட்டுச் சான்று கேட்பதில்லை.