எழுதிவைத்த சண்டையில் யாருக்கு எத்தனை நிமிடம்?

வணக்கம் சார்,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்க்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை காலையில் ஸ்மாக்டவுன் என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டால் செல்போனை விட்டு எழுந்திருக்க மாட்டாள், அதிலும் பெண்கள் சண்டை வந்தால் சோறு தண்ணி வேண்டாம். என் அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எல்லாம் பொய், பேசிவைத்துக்கொண்டு அடிக்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைகளை அரைகுறை உடுப்பில் காட்டத்தான் இதெல்லாம்" என்று திட்டுகிறார். அவளும் விடாமல் மாமாவோடு மல்லுக்கு நிற்கிறாள். இப்போது நானும் ரெஸ்லிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வேறு சொல்கிறாள். அண்ணன் சொல்வது நிஜமா? பொய்ச் சண்டையில் ஜெயித்து என்ன பெருமை? அவளைத் தடுப்பதா, விடுவதா? நீங்கள் ரெஸ்லிங் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

வணக்கங்க,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகிற விஷயம்தான். அதை நடத்துகிற டபிள்யூடபிள்யூஇ நிறுவனமே ஒளிப்பதில்லை, இது போட்டி அல்ல, கேளிக்கை நிகழ்ச்சி என்று 1989இலேயே நியூஜெர்சி மாநிலத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்பது நமக்கென்ன புதுசா? திரௌபதை அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் விழப்போகிறான் என்று கூட்டத்தில் தெரியாத ஆள் உண்டா, விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம் இல்லையா? வேஷம் கட்டியவன் எப்படி ஆடுகிறான் என்பதுதான் அங்கே கணக்கு.

அப்புறம் நான் சொல்ல விரும்புவது இதுதான். முன்பே எழுதிவைப்பதால்தான் பெண்களுக்கு நடந்த அநியாயம் இங்கே பச்சையாகத் தெரிகிறது. நிஜப் போட்டியில் ஒருத்தி அரை நிமிடத்தில் தோற்றால் எதிராளி பலசாலி என்று சொல்லிவிடலாம். இங்கே அப்படிச் சொல்ல வழியில்லை. அரை நிமிடம் என்றால், யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து இவளுக்கு அரை நிமிடம் போதும் என்று எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

இது நடந்த கதை. 2015 பிப்ரவரி 23, ஸ்மாக்டவுன் போலவே அந்த நிறுவனம் வாராவாரம் நடத்தும் ரா நிகழ்ச்சி. மொத்தம் மூன்று மணி நேரம் ஓடுவது. அதில் பெல்லா சகோதரிகள் ஒரு பக்கம், பெய்ஜும் எம்மாவும் மறு பக்கம் என்று நான்கு பெண்கள் மோதிய மேட்ச் சுமார் முப்பது விநாடியில் முடிந்துபோனது. பார்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை, இந்தப் பெண்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ட்விட்டரில் மணிக்கணக்காகக் கிளப்பினார்கள், மறுநாள் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் வின்ஸ் மெக்மேனே, உங்கள் குரல் கேட்கிறது, தொடர்ந்து பாருங்கள் என்று பதில் எழுத வேண்டி வந்தது. அதே வருடம் ஜூலையில் சார்லட், பெக்கி லிஞ்ச், சாஷா பேங்க்ஸ் மூவரும் ராவுக்கு வந்தார்கள். அக்டோபரில் அதே நிறுவனம் புதியவர்களுக்காக நடத்தும் என்எக்ஸ்டியில் பெய்லியும் சாஷாவும் முப்பது நிமிடம் முழுதாக, அதுவும் நிகழ்ச்சியின் கடைசிச் சண்டையாக (முக்கியமான மேட்சைத்தான் கடைசியில் வைப்பார்கள்) ஆடினார்கள். அந்த முப்பது நிமிடத்தை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் சாஷா, பெய்லியின் ரசிகையான ஒரு சின்னப் பெண் தலையில் கட்டியிருந்த பட்டையைப் பிடுங்கி எடுத்துப் போவார், அந்தக் குழந்தை தேம்பி அழும், அரங்கமே சாஷாவை வெறுக்கும். வில்லியாக நிற்பதும் வித்தைதான், அதற்கு நிமிடங்கள் வேண்டும், அரை நிமிடத்தில் யாரையும் வெறுக்க வைக்க முடியாது.

எழுதுகோல் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1984இல் வெண்டி ரிக்டர், பல வருடம் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஃபேபுலஸ் மூலாவை எம்டிவி நேரலையில் ஜெயித்தார். ஹல்க் ஹோகன் என்ற ஆண் நட்சத்திரம் கொடிகட்டிய காலத்தில் ஒரு பெண் அந்த அளவுக்குப் பேசப்பட்டது பெரிய சங்கதி. ஒப்பந்தம், சம்பளம் பற்றி அவருக்கும் நிர்வாகத்துக்கும் மனக்கசப்பு. 1985 நவம்பர் 25, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். முகமூடி போட்ட ஒருவரோடு சண்டை. எதிராளி அழுத்திப் பிடிக்க, வெண்டி தோளைத் தூக்கிவிடுகிறார், நடுவர் கண்டுகொள்ளாமல் மூன்று எண்ணிவிடுகிறார். பட்டம் போனது. முகமூடியை இழுத்துப் பார்த்தால் உள்ளே மூலா. தோற்கப்போகிறோம் என்று வெண்டிக்கு யாரும் சொல்லவே இல்லை. அன்றைக்கே நிறுவனத்தை விட்டுப் போனவர் பிறகு 2010இல் கௌரவிக்க அழைத்தபோதுதான் அந்தப் பக்கம் வந்தார். "எல்லாம் பொய்" என்று சொல்லும் உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அந்த ராத்திரி வெண்டிக்கு நடந்ததில் எது பொய்?

உடுப்பு விஷயத்துக்கு வருகிறேன், இதில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. 2000க்குப் பிறகான சில வருடங்களில் எதிராளியின் உடையைக் கிழித்தால் வெற்றி என்றே மேட்ச் வைத்தார்கள். அதை நான் எந்தக் காலத்திலும் தாங்கிப் பேச மாட்டேன், அதே மேடையில் டிரிஷ், லிட்டா என்ற இரண்டு பெண்கள் 2004 டிசம்பரில் ராவின் கடைசிச் சண்டையை ஆடிக் காட்டினார்கள் என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது. 2008இல் பெண்களுக்கென்று வந்த டிவாஸ் பட்டத்தின் பெல்ட்டில் பட்டாம்பூச்சி பொறித்திருந்தது, ஆண்களுக்கு அப்படி ஒன்று கொடுப்பார்களா? 2016 ஏப்ரலில், நிறுவனத்தின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா அன்று, லிட்டா வந்து அதற்குப் பதிலாகப் பெண்கள் பட்டம் என்ற புது பெல்ட்டை எடுத்துக் காட்டினார். 2019இல் முப்பத்தைந்தாவது ரெஸில்மேனியாவில் ரோண்டா ரௌஸி, சார்லட், பெக்கி மூவரும் கடைசிச் சண்டை ஆடினார்கள், அங்கே பெண்களுக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை. முதல் ரெஸில்மேனியா 1985இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்கள் மட்டுமே ஆடிய எவல்யூஷன் என்ற நிகழ்ச்சி 2018 அக்டோபரில் நடந்தது, அடுத்தது நடக்க 2025 ஜூலை ஆனது. இடையில், 2022 மே மாதம், சாஷாவும் நயோமியும் தங்களை நடத்தும் விதம் பிடிக்காமல் ராவின் நடுவிலேயே பெல்ட்டுகளை வைத்துவிட்டு வெளியே போனார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு எந்தப் பட்டத்தையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

வலி நிஜமா என்று அண்ணன் கேட்டால், ரிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு, மேலே கேன்வாஸ், அவ்வளவுதான். மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படுகிற மாதிரி விழ வேண்டும், தலை முந்தினால் முடிந்தது கதை. 2018 நவம்பரில் நியா ஜாக்ஸின் ஒரு குத்து நிஜமாகவே பட்டு பெக்கியின் மூக்கு உடைந்தது, முகமெல்லாம் ரத்தத்தோடு கூட்டத்தின் நடுவில் கையை விரித்து நின்றார். அந்த வாரம் நடக்க வேண்டிய பெரிய மேட்ச் அவருக்கு இல்லாமல் போனது.

இனி மகள் விஷயம். தடுக்காதீர்கள், ஆனால் இப்போதே ரெஸ்லிங் பள்ளி தேடி ஓடவும் வேண்டாம். ஹரியானாவின் கவிதா தலாலைப் பாருங்கள். 2016 தெற்காசியப் போட்டியில் பளுதூக்குதலில் தங்கம் வாங்கியவர், அப்புறம்தான் ரெஸ்லர் கிரேட் காளி ஜலந்தரில் நடத்தும் பள்ளியில் சேர்ந்தார். 2017இல் டபிள்யூடபிள்யூஇ பெண்களுக்காக நடத்திய மே யங் கிளாசிக் தொடரில் சல்வார் கமீஸோடு இறங்கினார், முதல் சுற்றிலேயே தோற்றாலும், டபிள்யூடபிள்யூஇயில் ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். உடம்பைத் தயார் செய்தது வேறொரு விளையாட்டு. அதனால் முதலில் நம்ம ஊர் காந்தி ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் ஜூடோவுக்கோ பளுதூக்குதலுக்கோ பக்கத்தில் யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஜூடோ கிடைத்தால் ரொம்ப நல்லது, அங்கே ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது அடிபடாமல் விழுவதைத்தான். பன்னிரண்டாவது முடியட்டும், அப்போதும் இதே பேச்சாக இருந்தால் எழுதுங்கள், மேற்கொண்டு யோசிப்போம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தோழிகளோடு மொட்டை மாடியில் மெத்தை விரித்துப் போட்டுச் செய்துபார்க்க விடாதீர்கள். மேலே சொன்ன பெய்ஜ் பதின்மூன்று வயதிலிருந்து ரிங்கில் இருந்தவர், ரெஸ்லிங் குடும்பத்துப் பெண். கழுத்தில் பட்ட அடியால் அவரே இருபத்தைந்து வயதில் ஓய்வை அறிவிக்க நேர்ந்தது, மறுபடி ஆட நான்கு வருடத்துக்கு மேல் ஆனது.