ராஜஸ்தானின் எல்லையோரப் பாலைவனத்தைப் பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா?

கேள்வி: ஜீப், டூர் பேக்கேஜ் எதுவும் இல்லாமல், முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே ராஜஸ்தானின் பாகிஸ்தான் எல்லைப் பக்கத்தைச் சுற்றிவர முடியுமா? எந்த வழியாகப் போகலாம்?

முடியும். பஸ்தான் அதற்குச் சரியான வண்டி என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஒரு விஷயம் பிடிபட்டால்தான் பயணம் ஓடும்: அங்கே பஸ் சுற்றுலாப் பயணிக்காக ஓடவில்லை. நம் ஊரில் நைட் ஹால்ட் பஸ் என்கிறோமே, சாயங்காலம் கிராமத்துக்குப் போய், ராத்திரி அங்கேயே கிடந்து, விடிந்ததும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருமே, எல்லைப் பக்கம் போகிற பஸ்கள் பெரும்பாலும் அந்த வகை. காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று நாம் போடும் திட்டத்துக்கு நேர் எதிர். ஆகவே பஸ் எங்கே தங்குகிறதோ அங்கே நீங்களும் தங்குவதாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். பாதிச் சிக்கல் தீர்ந்தது.

எனக்குப் பிடித்த வழி இது: பிகானேர், பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான், ஜெய்சல்மேர், அங்கிருந்து தனோட் போய்த் திரும்பி, தெற்கே பார்மேர், கடைசியாக ஜோத்பூர். மதுரையிலிருந்து பிகானேருக்கு அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் நேராகப் போகிறது. ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்திலிருந்து சென்னைக்கும் மன்னார்குடிக்கும் ரயில் உண்டு. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. இவை தினசரி ரயில்கள் அல்ல. அதனால் திரும்பும் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, நடுவில் உள்ள நாட்களை இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

பிகானேரில் பலரும் ஜூனாகட் கோட்டையையும், எலிகள் ஓடும் தேஷ்நோக் கர்ணி மாதா கோயிலையும் பார்ப்பார்கள். தேஷ்நோக் 30 கி.மீ.தான், உள்ளூர் பஸ்ஸிலேயே போய்வரலாம். பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் 330 கி.மீ. அளவில் வரும். இந்த ஓட்டத்தை ராத்திரி ஸ்லீப்பரில் தூங்கிக் கழிக்காதீர்கள். பகலில் ரோட்வேஸ் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து போங்கள். ரோட்வேஸ் என்றால் அரசு போக்குவரத்துக் கழகம். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மணல்மேடுகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வழியெல்லாம் புதர்க்காடும் கல்லும் கேஜ்ரி மரமும்தான். குளிர்காலத்தில் ஆட்டுத் தீனிக்குக் கிளை கழித்து மொட்டையாக நிற்கும். அந்தக் கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி. அதன் பிஞ்சுக் காயைக் காயவைத்துச் சமைப்பதுதான் கேர் சாங்க்ரி பொரியலில் வரும் சாங்க்ரி. பக்கத்திலேயே நம்ம சீமைக் கருவேலமும் செழிப்பாக நிற்கிறது. ராமநாதபுரத்துக்காரர் யாராவது போனால் சொந்த ஊர் வந்துவிட்டதாக நினைத்து எழுந்து பையைத் தேடக்கூடும்.

இடையில் வரும் பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவிலேயே அதிக வெயில் பதிவான ஊர். அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை இந்தப் பயணத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். அப்போது பலோடிக்குப் பக்கத்துக் கீச்சன் கிராமத்தில் ஆயிரக்கணக்கில் கொக்குக் கூட்டம் வந்து இறங்கியிருக்கும். நடு ஆசியா, மங்கோலியா பக்கமிருந்து வரும் கொக்கினம் அது. ஊர்க்காரர்கள் தினமும் தானியம் போடுகிறார்கள். காலையில் பார்க்க வேண்டும் என்றால் பலோடியில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

ராம்தேவ்ரா வந்ததும் பஸ் பாதி காலியாகும், பாதி நிரம்பும். பாபா ராம்தேவ் சமாதி அங்கேதான். இந்துக்கள் தெய்வமாகவும் முஸ்லிம்கள் ராம்சா பீர் என்றும் கும்பிடுகிற, பல நூற்றாண்டுக்கு முந்தைய பெரியவர். ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே கொடியோடு வருவார்கள். பழனிப் பாதயாத்திரை பார்த்தவர்களுக்கு அந்தச் சாலையோரக் காட்சி புதிதாக இருக்காது. அடுத்தது பொக்ரான். 1974, 1998 அணுகுண்டுச் சோதனைகளால் பெயர் தெரிந்த ஊர் என்றாலும், சோதனை நடந்த இடம் ராணுவ எல்லைக்குள் இருக்கிறது, யாரும் போக முடியாது. பஸ் நிற்கும் நேரத்தில் சம்சம் இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர்ச் சரக்கு அது.

ஜெய்சல்மேர் நெருங்கும்போது அடிவானம் முழுக்கக் காற்றாலை. ஆரல்வாய்மொழியில் மலையும் பச்சையும் இருக்கும், இங்கே அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டொரு பையன்கள் பஸ்ஸில் தொற்றி ஏறி, உங்கள் பையைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காருவார்கள். ரூம் நம்ப முடியாத விலைக்குச் சொல்வார்கள். அந்த விலை ஒட்டக சஃபாரி எடுத்தால்தான் என்பது ராத்திரிதான் தெரியும். தங்கும் இடத்தை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கோட்டைக்குள் தங்காதீர்கள். இது என் கட்சி. 1156இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்னும் குடும்பங்கள் வாழும் கோட்டை, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. வறண்ட ஊருக்கென்று கட்டியதற்குள் ஓட்டல்களும் குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் வந்து, அடிமண் ஊறி, சில கொத்தளங்கள் சரிந்தே விட்டன. வெளியே தங்கி, காலையில் உள்ளே நடந்துவிட்டு வந்தால் ஒன்றும் குறைந்துபோகாது. வெளியிலிருந்துதான் கோட்டையே தெரியும்.

இனித் தனோட். ஜெய்சல்மேரிலிருந்து 120 கி.மீ., எல்லைக்குப் பக்கம். மதியத்துக்கு மேல் கிளம்பும் ரோட்வேஸ் பஸ் ராம்கட் வழியாக அங்கே போய், இரவு தங்கி, காலையில் திரும்பும். நேரம் மாறிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் பஸ் நிலையத்தில் நேரில் போய்க் கேளுங்கள், இணையத்தில் இருப்பதை நம்பாதீர்கள். இந்தியர்களுக்குத் தனோட் வரை தனி அனுமதி தேவையில்லை. எல்லை வேலிப் பக்கம் போக எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் கூட வந்தால் கதையே வேறு. மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் ஏறிய அன்று பஸ் கிளம்புவதற்கே நேரமானது. மேலே கோழித்தீவன மூட்டை, ஒரு கட்டில், இரும்புக் கதவு ஒன்று, எல்லாம் ஏறியாக வேண்டும். உள்ளே என் காலடியில், கழுத்துவரை சாக்கில் கட்டிய ஆட்டுக்குட்டி. ராம்கட் வரை அது என் பையின் பட்டையை மென்றுகொண்டே வந்தது. குட்டிக்குச் சொந்தக்காரர் காவித் தலைப்பாகை கட்டிய பெரியவர். 'ராம் ராம் சா' என்றேன். மரியாதைக்குச் சேர்க்கும் அந்த 'சா' தெற்கிலிருந்து வந்தவன் வாயில் வந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எங்கிருந்து, எத்தனை பிள்ளைகள், உங்கள் ஊரில் மழை எவ்வளவு. எங்கள் பக்கம் மழையில் ஊர் மூழ்கியது என்று சொன்னதும் பின் சீட்டுக்காரர்களிடம் திரும்பி அதை மறுபடி சொன்னார். பஸ்ஸே கொஞ்ச நேரம் அதைப் பேசியது.

ராம்கட்டுக்கு முன்னாலும் பின்னாலும் திடீரென்று பச்சை வயல் வரும். இந்திரா காந்தி கால்வாய். பஞ்சாபில் ஹரிகே தடுப்பணையில் தொடங்கி, கிட்டத்தட்ட 650 கி.மீ. ஓடி இந்தப் பக்கம் வரை வரும் தண்ணீர். 1958இல் தொடங்கிய வேலை. கடுகும் கோதுமையும் நிற்கிற வயலுக்கு அடுத்த வரப்பில் மணல்மேடு உட்கார்ந்திருக்கும். ராம்கட்டில் டீ குடித்த பிறகு பஸ்ஸில் ஆட்கள் குறைந்துவிடுவார்கள். சாலை மணல்மேடுகளின் மேல் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். காற்றடித்த நாளில் தாரின் பாதியை மணல் மூடியிருக்கும். மணல் நகராமல் இருக்கக் காய்ந்த குச்சிகளைச் சதுரம் சதுரமாக நட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஜோத்பூரில் இருக்கும் வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. செல்போன் சிக்னல் இந்தப் பகுதியில் விட்டுவிட்டுத்தான் வரும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை ராம்கட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

தனோட் மாதா கோயிலை நடத்துவது எல்லைப் பாதுகாப்புப் படை. பூசாரியும் ஜவான், ஆரத்திக்குத் தாளம் தட்டுவதும் ஜவான்கள். 1965 போரில் பாகிஸ்தான் பீரங்கிகள் கோயிலைச் சுற்றிக் கொட்டிய குண்டுகள் வெடிக்கவில்லை என்பது அங்கத்திய நம்பிக்கை. வெடிக்காத குண்டுகள் சிலவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். வேண்டிக்கொண்டு கட்டிய கைக்குட்டைகள் ஆயிரக்கணக்கில் தொங்கும். நம்மூரில் தொட்டில் கட்டுவோம், இங்கே கைக்குட்டை. கோயில் வளாகத்திலேயே எளிமையான அறைகள் கிடைக்கும். கம்பளி கொடுத்தாலும் உங்கள் போர்வையைக் கொண்டுபோங்கள். பகலில் பனியனோடு உட்கார்ந்த இடத்தில் ராத்திரி பல் கிட்டும்.

பஸ் கைவிடும் இடம் ஒன்றுதான்: தனோட்டிலிருந்து லோங்கேவாலா. 1971 டிசம்பர் 4 ராத்திரி, பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 120 பேர் அளவிலான ஒரு கம்பெனி, மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில், பாகிஸ்தான் டாங்கிப் படையை விடியும் வரை நிறுத்திவைத்த இடம். நம் விமானப் படையின் ஹண்டர் விமானங்களுக்கு அன்று இரவில் பறந்து தாக்க வசதி இல்லை. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து வந்து, மணலில் திணறிக்கொண்டிருந்த டாங்கிகளை அடித்தன. அந்த டாங்கிகளில் சில இன்றும் அங்கே நிற்கின்றன. காலையில் தனோட்டுக்குக் காரில் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் லோங்கேவாலா வழியாகத்தான் திரும்புவார்கள். காலை பஸ்ஸை விட்டுவிட்டு அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம், இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கூட்டாகப் போனால் ஜெய்சல்மேரிலிருந்தே டாக்ஸி பிடித்துவிடுங்கள். மணல்மேடுதான் வேண்டும் என்றால் சாம் என்ற இடத்தைவிடக் குரி கிராமம் மேல். அதற்கும் பஸ் உண்டு, அதிலும் அதே நைட் ஹால்ட் கணக்குத்தான்.

ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் 155 கி.மீ. கூட்டம் குறைவு, வெளியூர்க்காரர்கள் அனேகமாக இருக்க மாட்டார்கள். ஊர் பெரிய அழகில்லை. ஆனால் எல்லை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதுதான் இடம். பார்மேரிலிருந்து முனாபாவ் போகும் ரயில் பாதை முன்பு சிந்து வரை போனது. 1965 போரில் அறுந்து, 2006இல் தார் எக்ஸ்பிரஸாக உயிர்பெற்று, 2019 ஆகஸ்டில் மறுபடி நின்றது. இங்குள்ள ராஜபுத்திரக் குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் உமர்கோட்டின் சோடா ராஜபுத்திரர்களோடு பெண் கொடுத்து எடுத்த உறவு உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தால், நின்றுபோன கல்யாணங்களைப் பற்றி யாராவது சொல்வார்கள். கிராடு கோயில் இடிபாடுகளுக்கு ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

தனியார் ஸ்லீப்பர் பஸ் பற்றி: 2025 அக்டோபரில் ஜெய்சல்மேர் - ஜோத்பூர் சாலையில் ஒரு தனியார் ஏசி ஸ்லீப்பர் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறியதும் அவசர வழி எங்கே, அது திறக்கிறதா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இறங்கிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். பகல் நேர ரோட்வேஸ் மெதுவாகப் போனாலும் எனக்கு அதுதான் நிம்மதி. பெண்களுக்கு அதில் மாநிலத்துக்குள் கட்டணச் சலுகையும் உண்டு. தனியாகப் போகும் பெண்கள் கண்டக்டருக்குப் பின்னால் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கலாம், மறுக்க மாட்டார்கள். கழிப்பறைதான் கஷ்டம். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லி முதலிலேயே கண்டக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

ஆதார் அட்டை அசலாகவே கையில் இருக்கட்டும். லாட்ஜிலும் கேட்பார்கள், சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள். டிரோன் கொண்டுபோக வேண்டாம். ராணுவ வண்டி, முகாம், பாலம் எதையும் படம் எடுக்க வேண்டாம். கிளம்புமுன் செய்தி பாருங்கள். 2025 மே மாதம் ஜெய்சல்மேரிலும் பார்மேரிலும் இரவில் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார்கள், விமான நிலையங்களை மூடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் தனோட் பஸ் ராம்கட்டோடு நின்றாலும் நிற்கும். பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் வரையிலான பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஜோத்பூர் திரும்பிவிடலாம், 285 கி.மீ., பொக்ரான் வழியாக நாள் முழுக்க பஸ் உண்டு.