பன்றியா, யானைக்குட்டியா?

கேள்வி: யூட்யூபில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு விலங்கு. அது பன்றியா, யானைக்குட்டியா, போரிவலி காட்டில் இருக்குமா என்று என் மகன் கேட்டுத் துளைக்கிறான்.
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டும் இல்லை, அது டேப்பிர். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் சொந்தம். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டு குட்டித் தும்பிக்கையாகிவிட்டது, அதை வளைத்து இலை பறிக்கும், தண்ணீரில் முங்கிக்கொண்டு அதை மட்டும் மேலே நீட்டி மூச்சும் விடும், கெட்டிக்காரப் பிராணிதான்.

போரிவலியில் சிறுத்தை உண்டு, டேப்பிர் கிடையாது. இந்தியக் காடுகள் எதிலுமே இல்லை. உங்கள் மகன் பார்த்தது மலேயா டேப்பிர். மியான்மர், தாய்லாந்தின் தென்பகுதிகள், மலேசியா, சுமத்ரா காடுகளில் வாழ்வது. பகலில் அந்த வெள்ளை முதுகு பளிச்சென்று தெரியும். நிலா வெளிச்சத்தில் படுத்திருந்தால் உடம்பின் உருவமே பிடிபடாது, புலி ஏமாந்து போக அது போதும். குட்டியோ, எந்த இனமானாலும், வரிபோட்ட தர்பூசணி மாதிரி பழுப்பில் வெள்ளைக் கோடும் புள்ளியுமாகப் பிறக்கும், சில மாதங்களில் அது மறைந்துவிடும். அவனுக்கு முதலில் அதைத் தேடிக் காட்டுங்கள்.

மற்ற மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டங்களில்: அமேசான் தாழ்நிலக் காடுகளில் ஒன்று, மெக்சிகோவின் தெற்கிலிருந்து கொலம்பியா வரை பேர்ட் டேப்பிர், அப்புறம் ஆண்டீஸ் மலைக் குளிருக்கு அடர்ந்த ரோமம் வளர்த்துக்கொண்ட மலை டேப்பிர். 2013-ல் ஐந்தாவதாக ஒன்றை அறிவித்தார்கள், அது தனி இனமே இல்லை என்று பல ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள்.