விசுவாசத்துக்காக உயிர்கொடுத்து மறைசாட்சிகளாக இறந்த கன்னியாஸ்திரிகளுக்குச் சாவைக் கண்டு பயமே இருக்கவில்லையா?

இதே கேள்வியை எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், பிரான்சின் கொம்பியேன் ஊரைச் சேர்ந்த கார்மேல் துறவற சபைக் கன்னியர் பதினாறு பேரைப் புனிதர்களாக அறிவித்திருந்த சமயம். "விசுவாசம் இருந்தால் பயம் வராதம்மா" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர்களுடைய வரலாற்றை நிதானமாகப் படித்த பிறகுதான் நான் சொன்னது எவ்வளவு தவறு என்று தெரிந்தது. அடுத்த வாரம் வகுப்பில் திருத்திச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

பினாங்கில் பிறந்தவர்களுக்கு மறைசாட்சி என்ற சொல் புதிதன்று. இந்தத் தீவின் குருமடத்தில் கற்பித்த அருட்தந்தை சாஸ்தான், 1839இல் கொரியாவில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதை நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். குருக்களைப் பற்றிப் பேசுவதில் பாதியளவுகூடக் கன்னியரைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. போகட்டும்.

கொம்பியேன் பாரிசுக்கு வடக்கே உள்ள ஊர். பிரெஞ்சுப் புரட்சி அரசு 1792 செப்டம்பரில் அங்கிருந்த கார்மேல் மடத்தைக் காலி செய்ய வைத்தது. கன்னியர் நான்கு குழுக்களாகப் பிரிந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் சாதாரண உடையில் தங்கிக்கொண்டு, பழையபடியே ஜெபித்து வந்தார்கள். நாட்டில் அமைதி திரும்பத் தங்கள் உயிரை ஒப்புக்கொடுக்கலாம் என்று மடத்துத் தலைவி ஒரு யோசனை சொன்னார். வயதில் மூத்த இருவர், தலையை வெட்டும் இயந்திரமான கில்லட்டின் என்ற பேச்சு வந்ததுமே நடுங்கிப்போனார்கள், தங்களால் முடியாது என்றார்கள். ஆனால் அன்று இரவு ஜெபத்துக்கு முன்பே அழுதுகொண்டு வந்து, அனைவரிடமும் மன்னிப்புக் கேட்டு, ஒப்புக்கொடுத்தலில் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து கைதாகும் வரை அந்த ஜெபம் நாள் தவறவில்லை.

அந்த இருவரில் ஒருவர் சிஸ்டர் ஷார்லோத், 78 வயது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். 1794 ஜூலையில் கைகளைக் கட்டி வண்டியில் பாரிசுக்குக் கொண்டுபோனபோது அவரால் இறங்க முடியவில்லை. காவலன் ஒருவன் தூக்கித் தெருக்கல்லின் மேல் போட்டான். இரத்தம் வழிய எழுந்தவர், தன்னைக் கொன்றுபோடாமல் விட்டதற்கு அவனுக்கு நன்றி சொன்னாராம். கில்லட்டின் என்ற சொல்லுக்கே நடுங்கிய அதே பாட்டி!

விசாரணை என்ற பெயரில் நடந்ததில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அரசு வழக்கறிஞர் அவர்களை மதவெறியர்கள் என்று குற்றம் சாட்டியபோது, சிஸ்டர் ஹென்ரியேத் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார், விடவும் இல்லை. உங்கள் மதத்தின்மேல் நீங்கள் வைத்திருக்கும் பிடிப்புத்தான் என்று அவர் வாயாலேயே வரவழைத்துவிட்டார். எதற்காகச் சாகிறோம் என்பது பதிவாகிவிட்டது என்ற திருப்தி அவருக்கு.

ஜூலை 17 மாலை. வண்டியில் பாடிக்கொண்டே வந்தார்கள். வழக்கமாகக் கூச்சலிடும் கூட்டம் அன்று வாயடைத்து நின்றது. முதலில் போனவர் 29 வயது கொன்ஸ்தான்ஸ். துறவற வாக்குக் கொடுப்பதைப் புரட்சிச் சட்டம் தடுத்ததால் ஆண்டுக்கணக்காக நவகன்னியாகவே, அதாவது பயிற்சி நிலையிலேயே, இருந்தவர், தலைவியின் முன் மண்டியிட்டு, "மதர், சாவதற்கு அனுமதி தருவீர்களா?" என்று கேட்டார். "போய் வா, மகளே." தலைவியின் கையில் சிறிய சுடுமண் மாதா சுரூபம். அதை முத்தமிட்டு, சங்கீதம் பாடிக்கொண்டு படியேறினார். ஒவ்வொருவரும் அப்படியே கேட்டுவிட்டுப் போனார்கள், பாட்டில் ஒவ்வொரு குரலாகக் குறைந்தது. தலைவி கடைசியாகப் போனார். பதினொரு நாள் கழித்து, புரட்சி அரசை நடத்திய ரொபெஸ்பியரின் தலையும் கில்லட்டினில் விழுந்தது.

சாவதற்கு அனுமதி! இதைப் படித்தவுடன் எனக்கு எங்கள் கான்வென்டில் தையல் சொல்லிக்கொடுத்த தமிழ் சிஸ்டர் ஒருவர் நினைவுக்கு வந்தார். இடி இடித்தால் ஜன்னல் பக்கமே போகமாட்டார், பல்லிக்கும் பயம். அம்மா டிபன் கேரியரில் இடியாப்பமும் தேங்காய்ப்பூவும் கொடுத்தனுப்புவார். சிஸ்டர் மூடியைத் திறந்து மணம் பிடிப்பார், கண் மலரும். உடனே மூடிவிட்டு, "மதரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்பார். அந்த மதர் அவரைவிட இருபது வயது இளையவர். தொலைபேசியில் பேசவும் கேட்பார், புது ஊசி வாங்கவும் கேட்பார். நாங்கள் மாணவிகள் அதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். கொன்ஸ்தான்ஸ் அன்று கேட்டதும் இடியாப்பத்துக்குக் கேட்கிற அதே அனுமதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் நாக்கில் பழகிய வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் மாறியது. பயம் இருந்திருக்கும், அதைவிடப் பழக்கம் பலமாக இருந்தது.

நம் காலத்துக்கு வந்தால் சிஸ்டர் ராணி மரியா. கேரளத்தில் பிறந்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஆதிவாசி விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுவித்து வங்கிக் கடன் பெற வழி காட்டினார். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் செய்திகளை மலேசிய நாளிதழில் படிக்கும் நமக்கு அந்த வட்டிக்காரர்களின் கோபத்தை விளக்கத் தேவையில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பஸ்ஸில், கூலிக்கு வந்தவன் கத்தியால் குத்தினான். உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள். அவருடைய தங்கையும் அதே சபைக் கன்னி. 2002இல் சிறைக்குப் போய்க் கொலையாளியைச் சகோதரனாக ஏற்று அவன் கையில் ராக்கிக் கயிறு கட்டினார். பஸ்ஸில் ஏறியவரின் துணிவு பெரியதா, சிறைக்குள் போனவரின் துணிவு பெரியதா என்று கேட்டால், நான் தங்கையின் பக்கம்தான் சாய்வேன்.

எங்கள் சிஸ்டர் மறைசாட்சி அல்லர், முதுமையில் படுக்கையில் இறந்தவர். கடைசி மாதம் இடியாப்பம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஒரு வாய் ஊட்டப் போகும்போது உதட்டை மூடிக்கொண்டு, "மதரிடம் கேட்டாயா?" என்றார். அந்த மதர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. "கேட்டேன் சிஸ்டர், சரி என்றார்" என்றேன். பிறகுதான் வாயைத் திறந்தார். அந்தப் பொய்யை நான் இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை.